அனுப்பியாச்சு என்றான் தம்பி

என் தம்பி இளஞ்செழியன் என்னைப் பொய்க்காரி என்று சொன்னது பதிவு அலுவலகத்துக்கு எதிரே, புதன்கிழமை காலை பத்தேமுக்காலுக்கு, பத்துப் பேர் காதில் விழும்படி. வீட்டுக்குள் சொல்லியிருந்தால் நானும் வீட்டுக்குள்ளேயே திட்டித் தீர்த்திருப்பேன். ஊர் கேட்கச் சொன்னான். அதனால் ஊர் கேட்கவே நானும் சொல்கிறேன்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில், எங்கள் அப்பா பேரில் ஒரு ஏக்கர் பத்து சென்ட் நிலம் இருக்கிறது. அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. வாரிசு மூன்று பேர்: அம்மா, நான், தம்பி. அம்மா தன் பங்கை அவனுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நானும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு என் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும், அதற்கு அவன் எனக்குப் பன்னிரண்டு லட்சம் தர வேண்டும் என்று பேச்சு. அங்கே இன்று ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ரமணாசிரமம் பக்கத்துச் சந்து ஒன்றில் ஆறு அறைகளை வாடகைக்கு விட்டு, கீழே காலை டிபன் போட்டுப் பிழைக்கிறவள் நான். ரூம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரமே நிலம் கேட்கிறார்கள். தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். தம்பிதானே, நிலம் அவனிடமே இருக்கட்டும், நமக்கு இருக்கிற கட்டடத்தை விரிவாக்கப் பணம் வந்தால் போதும் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

செழியன் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறான். சம்பாதித்ததையெல்லாம் பிட்காயினில் போட்டு வைத்திருக்கிறான். வங்கி என்றாலே அவனுக்கு ஆகாது. “யாரையும் நம்ப வேணாம்க்கா, எல்லாத்தையும் நம்மளே சரி பாத்துக்கலாம்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான். மாடியில் ஒரு சின்னக் கணினியை இருபத்துநாலு மணி நேரமும் ஓட விட்டிருக்கிறான். அதை நோடு என்பான், பிட்காயின் கணக்கைத் தானே சரிபார்க்கிற கணினியாம். கரண்ட் போனால் கீழே அம்மாவுக்கு ஃபேன் ஓடாது. மாடியில் அந்தக் கணினிக்கு மட்டும் தனி பேட்டரி உண்டு.

எனக்குத் தர வேண்டியதையும் பிட்காயினாகவே தருகிறேன் என்றான். “உனக்குத்தான் பழக்கமாச்சேக்கா” என்றான். பழக்கம்தான். மாதக்கணக்கில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் சிலர் அப்படித்தான் வாடகை தருகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் மூன்று மாத வாடகையை அனுப்பினான். வந்துகொண்டிருக்கிறது என்று என் போன் காட்டியது. நானும் சாவியை வாங்கிக்கொண்டு, வழியில் சாப்பிட இட்லியும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அவன் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள், அதே காசைக் கட்டணம் மட்டும் கூட்டித் தன் கணக்குக்கே திருப்பிவிட்டுக்கொண்டான். எனக்கு அனுப்பியது செல்லாமல் போயிற்று. இட்லிக்கும் சேர்த்து ஏமாந்தேன்.

அதற்கப்புறம் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். பிட்காயினில் அனுப்பினேன் என்றால் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. அனுப்புகிறவனுடைய கணினி முதலில் தன்னோடு தொடர்பில் இருக்கிற சில கணினிகளிடம் அதைச் சொல்லும். அவை ஒவ்வொன்றும் தன் விதிப்படி சோதித்துப் பார்த்து, சரி என்று பட்டால் தன் காத்திருப்புப் பட்டியலில் வைத்துக்கொண்டு அடுத்தவற்றுக்குச் சொல்லும். அப்படியே உலகம் சுற்றும். ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கட்டணம் அதிகம் கொடுத்தவற்றை அதற்கென்றே இருக்கிறவர்கள் அள்ளி, பிளாக் என்கிற ஒரு கட்டில் வைத்து மூடுவார்கள். மூடினால்தான் அது பணம். அதுவரைக்கும் வெறும் பேச்சு. மூடிய பிறகுதான் சாவியை வாங்குவது, கை குலுக்குவது எல்லாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த முடிவை இதுவரை யாருக்காகவும் மாற்றியதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ராகு காலம் கழிந்து ஐந்து மணிக்குத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. ‘அனுப்பியாச்சு’. கூடவே அவன் திரையைப் படம் பிடித்த ஒரு படம். என் போனைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆறு மணிக்குப் பார்த்தேன், இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

“கூட்டம்க்கா. பௌர்ணமி அன்னைக்கு கிரிவலப் பாதை மாதிரி நெரிசல். வரிசையில நிக்குது, காலைல வந்துடும்” என்றான்.

நெரிசல் எவ்வளவு என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பார்த்தேன். அன்றைக்கு மிகக் குறைந்த கட்டணம் கட்டியவை கூட அடுத்த பிளாக்கிலேயே போய்க்கொண்டிருந்தன. அமாவாசைக்கு மறுநாள் கிரிவலப் பாதை எப்படி இருக்குமோ அப்படி. அதை அவனுக்குச் செய்தியாகப் போட்டேன். ‘காலைல பாத்துக்கலாம்’ என்று போட்டான்.

காலையில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, பத்திர எழுத்தர் ஜானி பாஷா கடையில் எல்லோரும் கூடினோம். என் வீட்டுக்காரர் ஏர்போர்ட்டுக்கு வண்டி ஓட்டப் போயிருந்தார். என் பக்கம் நான் ஒருத்திதான். அவன் பக்கம் அவனும் அம்மாவும். எங்களுக்குப் பதினொன்று பத்துக்கு டோக்கன். புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்று அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நேரம் அது.

ஜானி பாஷா பத்திரத்தைப் படித்துக் காட்டினார். ‘பேசிய தொகை முழுவதையும் இன்று பெற்றுக்கொண்டு, மேற்படி சொத்தில் எனக்குள்ள பாகத்தை முழு மனதுடன் விடுதலை செய்கிறேன்’ என்ற வரி வந்ததும் கையை உயர்த்தினேன்.

“பாய், அங்க நிறுத்துங்க. நான் இன்னும் ஒண்ணும் பெத்துக்கல.”

அவர் கண்ணாடிக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தார். “இன்னா தம்பி, தொகை குடுக்கலையா?”

“குடுத்தாச்சு பாய், நேத்தே குடுத்தாச்சு” என்று அவன் போனை நீட்டினான். திரையில் என் பிட்காயின் முகவரி, தொகை, நேரம் எல்லாம் இருந்தன. கீழே ‘உறுதியாகவில்லை’ என்றும் இருந்தது. அந்த வரியின் மேல் அவன் கட்டைவிரல்.

“கட்டைவிரல எடுடா” என்றேன்.

“அது டைம் ஆகும்க்கா. அதுக்குள்ள டோக்கன் போயிடும். நீ கையெழுத்து போடு, பன்னண்டு மணிக்குள்ள வந்துடும்.”

“பதினேழு மணி நேரம் ஆச்சுடா. என் போன்ல ஒண்ணுமே காட்டல. வந்துட்டிருக்குதுன்னு கூட காட்டல.”

அப்போதுதான் அவன் எழுந்து வாசலுக்கு வந்து, டீக்கடையில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, அம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

“வந்துடுச்சும்மா. இவ பொய் சொல்றா. வெல ஏத்துறதுக்காக வரலன்னு நடிக்கிறா. நெலத்து வெல ஜாஸ்தியாயிடுச்சுன்னு யாரோ ஓதியிருக்காங்க.”

நான் பொய் சொல்கிறேனாம். அப்பா ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தபோது, நோடுக்கு இன்டர்நெட் போய்விடும் என்று ஆஸ்பத்திரிப் பக்கமே ஒரு நாள் தங்காதவன் சொல்கிறான். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பேச வாய் வரவில்லை.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அம்மா பேர் பாஞ்சாலை. கூப்பிட்டால் தெருவே திரும்பும் குரல் அவளுக்கு.

“இன்னாடி இது, கூடப் பொறந்தவன் மேல நம்பிக்க இல்லியா ஒனக்கு? அவன் உன்ன ஏமாத்திட்டு எங்க ஓடப் போறான்? படம் புடிச்சே காட்டறான். அதுக்கு மேல இன்னா வேணும்? ஒரே வயித்துல பொறந்துட்டு நம்பலன்னா எப்டிடி?”

சாலையே பார்த்துக்கொண்டிருந்தது. போட்டுவிடலாம், போட்டுத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நினைப்போடுதான் உள்ளேயும் போனேன்.

உள்ளே எங்கள் எண் வந்தது. சார்பதிவாளர் ஒரு பெண்மணி. என்னை விடச் சின்ன வயசு. பத்திரத்தைப் புரட்டிவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார்.

“மணிமொழி நீங்கதானேம்மா? தொகை முழுசா வந்து சேந்துடுச்சா? உங்க சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கிறீங்களா?”

அந்தக் காலையில் என்னிடம் கேள்வி என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் பதிலை எடுத்து என் வாயில் திணித்துக்கொண்டிருந்தார்கள்.

“தொகை வரலைங்க மேடம்” என்றேன்.

செழியன் போனை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான். சார்பதிவாளர் அதைத் தொடவில்லை. “சார், அவங்க வந்துடுச்சுன்னு சொன்னா நான் பதிவு பண்றேன். உங்க போன பாத்து நான் பதிவு பண்ண முடியாது” என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். குடும்ப மானத்தை வாங்கிவிட்டேனாம். செழியன் காரைச் சாவியால் தட்டிக்கொண்டு நின்றான். எனக்கு இப்போது வாய் வந்துவிட்டது.

“லேப்டாப்ப எடுடா” என்றேன்.

“எதுக்கு?”

“எடுடா. எல்லாத்தையும் நம்மளே சரி பாத்துக்கலாம்னு சொல்லுவல்ல. பாக்கலாம்.”

ஜானி பாஷா தன் மேஜையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அனுப்பியதற்கு அடையாளமாக ஒரு நீளமான எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்கிற பொதுத் தளம் ஒன்றில் போட்டுத் தேடினேன். அப்படி ஒன்று இல்லை என்றது. வேறொரு தளத்தில் போட்டேன். அங்கேயும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

“அந்த சைட்டெல்லாம் அடுத்தவங்க நோடுக்கா. அத நம்ப முடியாது. என் நோடுல தெளிவா இருக்குது பார்” என்று தன் திரையைத் திருப்பினான்.

அவன் நோடில் இருக்கத்தான் செய்தது. அவன் வீட்டு மாடியில், அவன் பேட்டரியில் ஓடுகிற பெட்டிக்குள், அவன் பட்டியலில், என் பன்னிரண்டு லட்சம் முந்தின நாள் மாலையிலிருந்து பத்திரமாகக் காத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் வேறு ஒரு கணினிக்கும் அதைப் பற்றித் தெரியாது. ஆயிரக்கணக்கான கணினிகள் தெரியாது என்கின்றன. இவனுடைய ஒன்று தெரியும் என்கிறது. பொய் சொல்கிறவள் நானாம்.

“இதுல என்னென்ன வச்ச, முழுசா தொற” என்றேன்.

திறந்தான். மூன்று வரி இருந்தது. முதல் வரியில் பன்னிரண்டு லட்சத்துக்கு உண்டான பிட்காயின், என் முகவரிக்கு. மூன்றாவது வரியில் மீதிச் சில்லறை, அவனுக்கே திரும்பிப் போவது. நடுவில் ஒரு வரி, அதுவும் என் முகவரிக்குத்தான். தொகை: பத்து சாடோஷி. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு சாடோஷி. பத்துத் துண்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ரூபாய் வரும்.

“இது என்னடா?”

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா நிமிர்ந்து நின்றாள்.

“நான்தான் சொன்னேன். பொம்பளப் புள்ளைக்குக் குடுக்கறது மொட்டையா பன்னண்டு லட்சம்னு குடுக்கக் கூடாது. ஒரு ரூபா சேத்துக் குடுன்னேன். இதுல இன்னா தப்பு?”

“அத முதல் வரியிலயே சேத்திருந்தா தப்பே இல்லம்மா” என்றேன்.

“தட்டுல நோட்டு வச்சு மேல காசு வைப்போம்ல, அந்த மாதிரி தனியா தெரியணும்னு அம்மா சொன்னாங்க. அதான் தனி வரியா எழுதுனேன்” என்றான் அவன். சொல்லும்போது அந்த முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கையாலேயே எழுதினானாம்.

அவ்வளவு சின்னத் தொகையை இந்த வலையில் டஸ்ட் என்பார்கள், தூசி. அதைப் பிற்பாடு செலவு செய்யவே அதன் மதிப்பை விட அதிகம் கட்டணம் ஆகும். அப்படிப்பட்ட குப்பை தங்களிடம் சேரக் கூடாது என்று, சில நூறு சாடோஷிக்குக் கீழே ஒரு வரி இருந்தாலும், கணினிகள் அந்த மொத்த அனுப்புதலையும் வாங்கிக்கொள்ளாது, அடுத்தவருக்கும் சொல்லாது. இன்னொன்று, வாங்க மாட்டேன் என்று திருப்பிச் சொல்லவும் சொல்லாது. பேசாமல் கீழே போட்டுவிடும். இது எனக்கே தெரியும், டிபன் போடுகிறவளுக்கு.

“உன் நோடும் இத மறுத்திருக்கணுமே. எப்படிடா ஏத்துக்கிச்சு?”

ஜானி பாஷா ஃபேனை இரண்டில் வைத்தார். மறுபடி கேட்டேன்.

“மொதல்ல ஏத்துக்கலதான்” என்றான் மெதுவாக. “டஸ்ட்னு வந்துச்சு. என் நோடு, என் ரூல்தானே, அதனால அந்த ரூல ஆஃப் பண்ணிட்டு போட்டேன். உடனே ஏத்துக்கிச்சு.”

எனக்கு அந்த மேஜையைத் தூக்கிப் போட வேண்டும் போல இருந்தது. ஜானி பாஷாவின் மேஜை என்பதால் போடவில்லை.

“வேணாம்னு உன் மிஷினே சொல்லியிருக்குது. அது வாய அடைச்சுட்டு, அது ஒத்துக்கிச்சுன்னு எனக்குப் படம் புடிச்சு அனுப்புற. சுத்தி ஒருத்தனும் வாங்கல. நேத்து சாயங்காலத்துலேர்ந்து நீ மட்டும் உன் வீட்டுக்குள்ள உக்காந்து போயிடுச்சு போயிடுச்சுன்னு பாத்துட்டு இருக்க. இதுக்கு நான் பொய்க்காரியா? அத்தன பேர் நடுவுல சொன்னியே, உனக்கு நாக்கு கூசலியா?”

“சரிக்கா, தப்புதான். கத்தாத.”

“நீ கத்துனப்ப யாரும் உன்ன அடக்கலியே!”

“கத்தாதடி, ரோட்டுல போறவங்க பாக்கறாங்க” என்றாள் அம்மா. காலையில் அதே ரோட்டில் போனவர்கள் என்னைப் பார்த்தபோது அவளுக்கு அது உறைக்கவில்லை.

மணி பதினொன்று ஐம்பது. அந்த ஒரு ரூபாய் வரியை எடுத்துவிட்டு, கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிப் புதிதாக ஒன்று தயார் செய்தான். அதே காசைத்தான் இதிலும் செலவு செய்கிறான் என்பதால், பழையது அவன் பட்டியலிலிருந்து கழன்று இது உட்கார்ந்தது. ஆஃப் பண்ணிய விதியையும் மறுபடி போட வைத்தேன். பன்னிரண்டுக்குள் அனுப்பிவிடு என்று அம்மா கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தாள். அவன் பொத்தானை அமுக்கினான். எதிரில் மேஜை மேல் இருந்த என் போன் இரண்டே நொடியில் அடித்தது. வந்துகொண்டிருக்கிறது.

உலகம் சுற்றி என் கைக்கு வர இரண்டு நொடி. அதற்குத்தான் ஒரு நாளெல்லாம் நெரிசல், வரிசை, பௌர்ணமிக் கூட்டம் என்று கதை விட்டான்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பிளாக் மூடியது. உறுதியாகிவிட்டது. ஜானி பாஷாவிடம் காட்டினேன். “வந்துடுச்சு பாய். இப்ப பெத்துக்கிட்டேன்.”

அவருக்கு நிம்மதி. உடனே எழுந்து உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். “இன்னைக்கு டோக்கன் எல்லாம் முடிஞ்சுதும்மா. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஒண்ணு காலி இருக்குது. போட்டுறலாமா?”

“போடுங்க. வந்துடறேன்” என்று பையை எடுத்தேன். கோபம் இருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. பணம் வந்தது, கையெழுத்துப் போட வேண்டியது என் பாடு. நாளைக்கு ரூம் நம்பர் நாலு காலி செய்கிறார்கள், ஒன்பதரைக்குள் கணக்கு முடித்துவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் செருப்பை மாட்டினேன்.

“அக்கா” என்றான் செழியன்.

திரும்பினேன். அவனுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. பணம் உங்கிட்ட வந்துடுச்சு. கையெழுத்து இன்னும் ஆகல. இத நான் நெனச்சாலும் திரும்ப எடுக்க முடியாது, உனக்கே தெரியும். அதனால இப்ப எனக்குத் திருப்பி அனுப்பிடு. நாளைக்கு நீ கையெழுத்து போட்டதும், அங்கயே வச்சு, மறுபடி அனுப்பிடறேன்.”

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். “என்ன சொன்ன?”

“ஒரு ராத்திரிதானேக்கா. ஒரு சேஃப்டிக்கு.”

நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரே வயிற்றில் பிறந்துவிட்டு நம்பாவிட்டால் எப்படி என்று கேட்டவள் அவள்தானே. அவளாவது இவனை ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன். அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவன் சொல்றதும் நாயந்தானேடி. பன்னண்டு லட்சம். நீ போய் ஒன் ஊட்டுக்காரர்கிட்ட சொல்லுவ, அவர் ஒண்ணு சொல்லுவாரு, ராத்திரில மனசு மாறிட்டா அவன் இன்னா பண்ணுவான்? குடுத்துட்டுப் போ. நாளைக்கு வாங்கிக்க.”

ஜானி பாஷா பத்திரத் தாள்களைத் தட்டி அடுக்குவது போல் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. என் வீட்டார் செய்ததற்கு அவர் வெட்கப்பட்டார்.

வெறும் படத்தை நம்பி நான் நிலத்தை எழுதித் தர வேண்டும். அதற்குப் பேர் பாசம். பிளாக்கில் மூடி உறுதியான பணத்தை வாங்கிக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்று நான் சொன்னால், அதை ஒரு ராத்திரி நம்ப முடியாது. அதற்குப் பேர் நியாயம். நாற்பத்திரண்டு வயசாகிறது எனக்கு. இத்தனை நாளும் இந்த வீட்டில் எனக்கு என்ன மதிப்பு என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

“உன் முகவரிய அனுப்பு” என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. உடனே அனுப்பினான். வந்த தொகை அத்தனையையும் போட்டேன். கட்டணம் எவ்வளவு என்று போன் கேட்டதற்கு இருப்பதிலேயே அதிகமானதை வைத்தேன். அது என் கையிலிருந்து. அமுக்கினேன். அவன் போன் அடித்தது.

“தேங்க்ஸ்க்கா. பாய், நாளைக்குப் பத்து மணி டோக்கனப் போட்டுடுங்க” என்றான்.

“இரு. மூடட்டும்” என்றேன்.

“அதெல்லாம் வேணாம்க்கா, உன் மேல நம்பிக்கை இருக்குது.”

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா டீ வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பதினாலு நிமிடம் ஆயிற்று. பிளாக் மூடியது. அவன் போனிலும் என் போனிலும் ஒரே சமயத்தில் உறுதி என்று வந்தது.

“வந்துடுச்சா?” என்று கேட்டேன்.

“வந்துடுச்சுக்கா.”

“முழுசா?”

“முழுசா வந்துடுச்சு.”

“பாய் சாட்சி. இனிமே உன் காசு எங்கிட்ட ஒரு பைசா இல்ல” என்று எழுந்தேன். “டோக்கன் போடாதீங்க பாய். பத்திரத்தக் கிழிச்சுடுங்க. எழுதுன கூலிய நான் தரேன்.”

“அக்கா!”

“எனக்குப் பணம் வேணாம்டா. பங்கு வேணும்.”

அம்மா என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். செழியன் என்னென்னவோ சொன்னான். நிலத்தைக் காட்டி ஏற்கெனவே பெங்களூர்க்காரர் ஒருவரிடம் முன்பணம் வாங்கிவிட்டானாம். மாசக் கடைசிக்குள் வில்லங்கம் இல்லாமல் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறானாம். சென்ட் என்ன விலைக்குப் பேசினான் என்று கேட்டேன். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அப்போது புரிந்தது, வரிசை, நெரிசல், டோக்கன் என்று அத்தனை அவசரம் எதற்கு என்று. மலையைப் பார்த்த நிலம் தம்பியிடமே இருக்கட்டும் என்று நான் விட்டுக்கொடுத்ததை, அவன் நான் எழுதித் தருவதற்கு முன்னாலேயே விற்றுவிட்டிருக்கிறான். நான் ஒருத்தி மட்டும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

“பெத்த தாய நடுரோட்டுல நிக்க வச்சுட்டுப் போறியேடி” என்று அம்மா கத்தினாள். டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது குனியவில்லை. ஜானி பாஷாவுக்குக் கூலியைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கையெழுத்துப் போட வருகிறேன் என்று நான் சொன்ன அதே நேரத்துக்கு, தாலுகா அலுவலகத்தில் நின்றேன். கையில் வாரிசுச் சான்றிதழின் நகல் இருந்தது. அப்பா பேரில் உள்ள பட்டாவில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லும் மனுவும் இருந்தது. செழியன் ஏழு தடவை கூப்பிட்டான். அம்மா நான்கு தடவை கூப்பிட்டாள். எழுத்தர் மனுவைப் படித்துவிட்டு, மற்ற வாரிசுகளுக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.